பன்னிரண்டு திருகுகளும் ஆறு ரப்பர் குழாய்களும்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜெக்டர்களைக் கழற்றிய அனுபவங்கள்

பகிர்வு 1: டாட்சன் 280இசட் (1977), ஒண்டாரியோ, கனடா

எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றுவது அரைநாளில் முடிந்துவிடும் வேலை என்று எண்ணித்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் பானட்டைத் திறந்தேன். ஆறாவது இன்ஜெக்டர் கைக்கு வந்தபோது மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. பதினோரு ஆண்டுகள் ஒரு கொட்டகையில் ஓடாமல் நின்ற இந்த வண்டியை நான் மூன்று குளிர்காலங்களாகச் சீர்செய்து வருகிறேன். துருவேறிய தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகடு பற்றவைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு தயக்கம் இருந்ததில்லை. இதே வேலையில் இறங்கவிருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டியின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். 1969இன் இறுதியில் அறிமுகமான 240இசட்டும் அதன்பின் வந்த 260இசட்டும் கார்புரேட்டர் வண்டிகள். அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால், 1975 முதல் 1978 வரை வட அமெரிக்காவில் விற்கப்பட்ட 280இசட்டில் மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர்கள் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும், பாஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் முறையைப் பொருத்தினார்கள். 2.8 லிட்டர் கொள்ளளவுள்ள, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள் கொண்ட அந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு இன்ஜெக்டர்கள் உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஆறும் ஒரே நேரத்தில் ஒருமுறை திறந்து மூடும். ஒவ்வோர் இன்ஜெக்டரையும் ஒரு சிறிய பிடிப்பானும் இரண்டு திருகுகளும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் அலுமினியக் குழல்தொகுதியான மேனிஃபோல்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும். எரிபொருள் குழாயிலிருந்து இன்ஜெக்டருக்கு விரல் நீளமே உள்ள ஒரு ரப்பர் குழாய் வரும். மொத்தம் பன்னிரண்டு திருகுகள், ஆறு குழாய்கள். அந்தப் பன்னிரண்டு திருகுகளில்தான் என் மூன்று வாரங்களும் போயின.

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வண்டியை நிறுத்திய பிறகும் கீழிருந்து எழும் சூடு இன்ஜெக்டர்களையும் ரப்பரையும் வாட்டிக்கொண்டே இருக்கும். அப்படி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சூட்டிலும் குளிரிலும் கிடந்த எஃகுத் திருகு அலுமினியத்தோடு ஒன்றிப்போவதில் வியப்பில்லை. பின்னர் வந்த 280இசட்எக்ஸில் இன்ஜெக்டர்களைக் குளிர்விப்பதற்கென்றே ஒரு சிறு விசிறி வைத்தார்கள் என்றால், சூட்டின் அளவை நீங்களே ஊகிக்கலாம்.

வேலையின் முதல் படி அழுத்தத்தை வெளியேற்றுவது. ஓடும் வண்டியில் குழாய்க்குள் சுமார் 2.5 பார் அழுத்தம் (காற்றுமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு) இருக்கும். என் வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடாததால் அழுத்தம் இருக்க வாய்ப்பில்லை என்றாலும், பழுதுபார்ப்புக் கையேடு சொல்லும் முறையை நான் விடவில்லை. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் குளிர்நிலைத் தொடக்க வால்வின் இணைப்பியையும் பிரித்து, அந்த வால்வுக்குத் தனிக் கம்பிகள் மூலம் இரண்டு மூன்று நொடிகள் 12 வோல்ட் கொடுத்தால், எஞ்சியிருக்கும் அழுத்தம் மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். கம்பிகளின் கடைசி இணைப்பை வால்வின் அருகில் கொடுக்காமல் பாட்டரி முனையில்தான் கொடுக்க வேண்டும். பொறி பறக்கும் இடம் பெட்ரோலுக்கு எட்டத்தில் இருப்பது அவசியம். தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, கராஜின் கதவை முழுவதும் திறந்துவிட்டுத்தான் குழாயைத் தொட்டேன். அழுத்தம் இல்லைதான், ஆனால் தேன் நிறத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு கால் கோப்பை அளவுக்குப் பழைய பெட்ரோல் வடிந்தது.

அடுத்தது மின் இணைப்பிகள். அவற்றைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையங்கள் தெறித்து எஞ்சினுக்கு அடியில் விழுந்துவிட்டால் தேடியெடுப்பது கடினம். ஒவ்வொன்றையும் சிறு காந்தத்தால் பிடித்துக்கொண்டு, கூர்முனையால் நெம்பி எடுத்தேன். இணைப்பிகளின் பிளாஸ்டிக் பிஸ்கட்டைப் போல நொறுங்கியது. ஆறில் நான்கைப் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் திருகுகளுக்கு வந்தேன். இங்கேதான் பிழை செய்தேன். அவற்றின் தலையில் இருக்கும் கூட்டல் குறி நம் கையிலுள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவருக்கு உரியது போலத் தோன்றும். உண்மையில் அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவு. பிலிப்ஸ் முனை அதில் முழுமையாக அமராது; அழுத்தித் திருப்பினால் மேலேறி நழுவித் தலையைச் சிதைத்துவிடும். முதல் இரண்டு தலைகளை நான் அப்படித்தான் சிதைத்தேன். உரிய ஸ்க்ரூடிரைவரை வாங்கிய பிறகும், ஊடுருவும் எண்ணெயை ஒரு வாரம் நாள்தோறும் விட்டுவந்த பிறகும், ஆறாவது சிலிண்டரின் திருகுகள் இரண்டும் ஒரு மெல்லிய சத்தத்தோடு முறிந்தன. அந்தச் சத்தம் வருவதற்குச் சற்று முன்பு திருகு வெண்ணெயில் சுழல்வது போல இளகும். அந்த இளக்கத்தைக் கை உணர்ந்த கணத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அதன்பிறகு மேனிஃபோல்டையே இறக்கி மேசையில் வைத்து வேலை செய்வதென்று முடிவெடுத்தேன். இதுவும் எளிதன்று. இரண்டு மேனிஃபோல்டுகளுக்கும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகடு ஒன்றே. சில போல்ட்டுகள் தடித்த வாஷர் ஒன்றின் மூலம் இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. மேலுள்ளதைக் கழற்றினால் கீழுள்ளதும் தளர்ந்துவிடும். மூலைகளில் இருக்கும் புகைவழி ஸ்டட்டுகள் (நட்டு மாட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் தலையில்லாத திருகுகள்) முறிவதற்குப் பேர்போனவை. ஒவ்வொரு நட்டையும் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் தளர்த்தி எடுத்ததில் ஸ்டட் எதுவும் முறியவில்லை. எடுத்த உடனேயே சிலிண்டர் ஹெட்டின் வாய்களைத் துணியால் அடைத்து மேலே ஒட்டுநாடா ஒட்டினேன். ஒரு சிறு வாஷர் உள்ளே விழுந்தாலும் வால்வு பழுதாகிவிடும்.

மேசையில் வைத்தபின் பெட்ரோல் ஈரம் முழுவதும் உலரும்வரை இரண்டு நாள் வெளியில் காயவிட்டு, அதன்பிறகே சூடு காட்டினேன். அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவதால், திருகைச் சுற்றியுள்ள உலோகம் சூடேறும்போது பிடி தளரும். இப்படி எட்டுத் திருகுகள் நல்லபடியாக வந்தன. தலை சிதைந்த இரண்டையும் முறிந்த இரண்டையும் இடப்புறம் சுழலும் துளைக்கருவி முனையால் எடுத்தேன். ஒரு துளையின் மரை மட்டும் கெட்டுவிட்டதால், புதிய மரையாக அமையும் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட வேண்டியிருந்தது.

ரப்பர் குழாய்களைப் பற்றி ஒரு சொல். தொழிற்சாலையில் பொருத்திய குழாய், இன்ஜெக்டரின் பின்முனையான வாலில் ஓர் உலோக வளையத்துக்குள் செருகப்பட்டிருக்கிறது. அதைக் கத்தியால் ஆழமாக அறுத்தால் வாலின் மேல் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் புதிய குழாய் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். சூடேற்றிய சால்டரிங் அயர்னால் ரப்பரின் பின்னல் வரை மட்டும் கீறி, பிறகு கையால் இழுத்து எடுக்குமாறு கையேடு சொல்கிறது. இன்ஜெக்டரை இறுக்கிப் பிடிக்கும் மேசைக் கருவியான வைஸில் பிடிக்கவே கூடாது என்றும் எச்சரிக்கிறது. அந்த முறைப்படி செய்தேன். ஆறும் கீறலின்றி வந்தன.

பகிர்வு 2: போர்ஷே 911 எஸ்சி (1980), ஜெர்மனி

நண்பரின் பகிர்வைப் படித்தபோது, பெயர் ஒன்றாக இருந்தாலும் எங்கள் வண்டியின் இன்ஜெக்டர் முற்றிலும் வேறான பொருள் என்பதைச் சொல்லத் தோன்றியது. 911 எஸ்சியில் இருப்பது பாஷின் கே-ஜெட்ரானிக். ‘தொடர்ச்சி’ என்னும் பொருள் தரும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்துதான் அந்தக் ‘கே’. இதில் இன்ஜெக்டருக்கு மின் கம்பியே கிடையாது. அழுத்தம் ஓர் அளவை எட்டியதும் தானே திறந்து, எஞ்சின் ஓடும்வரை இடைவிடாமல் தெளித்துக்கொண்டிருக்கும் வெறும் வால்வு அது. பிடித்து நிற்பதற்குத் திருகும் தேவையில்லை. ஒரு ரப்பர் ஓ-வளையத்தின் இறுக்கத்திலேயே தன் குழிக்குள் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே கழற்றுவது எளிது என்று தோன்றலாம். ஆனால் இந்த முறையில் எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாய்களில் அழுத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகவே அக்குமுலேட்டர் என்ற கலம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். முந்தைய நாள் மாலை ஓட்டிய வண்டியை மறுநாள் காலையில் திறந்தபோது, நட்டு அரைச் சுற்றுத் திரும்பியதுமே என் முகத்தை நோக்கிப் பெட்ரோல் பீறிட்டது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நட்டையும் துணியால் சுற்றிக்கொண்டுதான் திறக்கிறேன். இரண்டு ஸ்பேனர்கள் கட்டாயம் வேண்டும்: ஒன்று இன்ஜெக்டரின் அறுகோணத்தை அசையாமல் பிடிக்க, மற்றொன்று குழாயின் நட்டைத் திருப்ப. ஒன்றை மட்டும் வைத்துத் திருப்பினால் இன்ஜெக்டரும் சேர்ந்து சுழன்று குழாயை முறுக்கிவிடும்.

வெளியே எடுத்த ஓ-வளையங்கள் கல்லைப் போல இறுகியிருந்தன. வண்டி குளிர்ந்த நிலையில் தடுமாறியதற்கும், நான் மாதக்கணக்கில் வேறெங்கோ காரணம் தேடியதற்கும் அவைதான் விடை. இந்த முறையில் ஒரு தகட்டைக் காற்று எவ்வளவு உயர்த்துகிறதோ அந்த அளவுக்கே பெட்ரோல் செல்லும். வெடித்த வளையத்தின் வழியாகக் கள்ளத்தனமாக நுழையும் காற்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது, கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை குளிரில் பின்னோக்கி வெடித்தால், பிளாஸ்டிக் காற்றுப்பெட்டி பிளந்துவிடும் என்பது 911 வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த அச்சம். பழைய இன்ஜெக்டரை மீண்டும் போடலாமா என்று யோசிக்கலாம். பழைய ஓ-வளையத்தை மீண்டும் போடுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பொருத்துவதற்கு முன் ஆறையும் குழாயோடு சேர்த்து ஆறு ஒரே அளவுக் கண்ணாடிக் குடுவைகளுக்குள் விட்டு, பம்பை மட்டும் ஓட்டி, அந்தத் தகட்டைக் கையால் உயர்த்திப் பார்த்தேன். ஐந்து இன்ஜெக்டர்கள் கூம்பு வடிவில் பனிபோலத் தெளித்தன. ஒன்று நேர்கோடாகப் பீய்ச்சியது. குடுவைகளின் அளவு ஏறக்குறைய சமமாகவே இருந்ததால், ஆறு குழாய்களுக்கும் பெட்ரோலைப் பங்கிடும் கருவி நன்றாக இருக்கிறது, அந்த ஓர் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

பகிர்வு 3: ட்ரையம்ஃப் டிஆர்6 (1971), இங்கிலாந்து

முதலாவது பகிர்வில் அண்ணா சொன்ன ஒரு விஷயத்தை எங்கள் வண்டிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். டாட்சனில் ஆறு இன்ஜெக்டர்களும் ஒரே நேரத்தில் திறப்பதால், இணைப்பிகளை மாற்றிப் போட்டாலும் எஞ்சின் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. லூக்காஸ் நிறுவனத்தின் இயந்திர முறையைக் கொண்ட டிஆர்6இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய வேளையில், தனித்தனி நைலோன் குழாய் வழியாகப் பெற்றோல் அளந்து அனுப்பப்படுகிறது. இரண்டு குழாய்கள் இடம் மாறினால் இரண்டு சிலிண்டர்களுக்கும் பிழையான வேளையில் பெற்றோல் போய்ச் சேரும். நான் கழற்றும்போது வண்ண நாடா ஒட்டியிருந்தேன். பெற்றோல் பட்டு அதன் பசை கரைந்து நாடாக்கள் உதிர்ந்துவிட்டன. இப்போது எண் பொறித்த சிறு உலோக வளையங்களைக் கம்பியால் கட்டிவிடுகிறேன்.

பம்ப் வண்டியின் பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தில் இருக்கிறது. அழுத்தமோ நூறு பிஎஸ்ஐக்கு (ஏறக்குறைய ஏழு பாருக்கு) மேல். பழைய நைலோன் குழாய் ஒருமுறை மடிந்து வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால், அதை நேராக்கிப் பாவிக்க முயலவேண்டாம். திரும்பப் பூட்டும்போது குழாய்களுக்குள் அகப்பட்ட காற்றை வெளியேற்றுவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. இன்ஜெக்டரை வெளியே எடுத்து ஒரு போத்தலுக்குள் பிடித்துக்கொண்டு ஸ்ரார்ட்டரைச் சுழற்றவேண்டும். குழாயைப் பிடித்திருக்கும் விரல்களில் நாடித்துடிப்பைப் போல ஒரு துடிப்புத் தெரிந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். என் வண்டியில் நான்காவது குழாய்க்கு மட்டும் அந்தத் துடிப்பு வர இருபது நிமிடங்கள் பிடித்தன.

மீண்டும் பகிர்வு 1இன் நண்பர்

இருவருக்கும் நன்றி. குடுவைச் சோதனையை நானும் செய்திருக்கலாம். நான் இன்ஜெக்டர்களை அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்து அளந்து தரும் ஒரு கடைக்கு அனுப்பினேன். இரண்டு முழுவதும் ஒட்டிப்போயிருந்தன. சுத்தம் செய்தபின் ஆறும் நல்ல நிலைக்கு வந்தன. வீட்டில் சோதிப்பவர்கள் இவற்றுக்கு நேரடியாக 12 வோல்ட்டை நீண்ட நேரம் கொடுக்க வேண்டாம். இவை இரண்டரை ஓமுக்கும் குறைவான மின்தடை கொண்டவை. வண்டியில் தனி ரெசிஸ்டர்கள் வழியாகத்தான் மின்சாரம் பெறுகின்றன.

பழைய கூட்டல் தலைத் திருகுகளுக்குப் பதிலாக ஆலன் சாவி பொருந்தும் திருகுகளை, மரையில் ஒட்டாமல் தடுக்கும் பசை தடவிப் போட்டிருக்கிறேன். கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் குழாய் இந்த அழுத்தத்துக்குப் போதாது. எஸ்ஏஇ 30ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் குழாயும், ரப்பரை அறுக்காத வழவழப்பான கிளாம்பும் வாங்கினேன்.

நேற்று மாலை ஸ்டார்ட்டருக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழற்றிவிட்டு, சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்து, எஞ்சின் சுழலாமல் பம்பை மட்டும் ஓடவிட்டேன். மகள் சாவியைப் பிடித்திருக்க, நான் டார்ச் விளக்கோடு ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். மூன்றாவது இன்ஜெக்டரின் கிளாம்ப் ஓரத்தில் ஒரு துளி திரண்டது. உடனே சாவியை விடச் சொன்னேன். குழாயை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இறுக்கியபின் மறுபடி பார்த்தோம், காய்ந்தே இருந்தது. கம்பியை இன்று காலை மாட்டியிருக்கிறேன்.