விமானத்தில் ஆள் எடைக்குக் காசு வாங்கலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்துக்காரன்:

போன வருடம் ஆனி மாதம். தில்லியில் இருக்கும் தங்கைக்குப் பிரசவ நேரம். விடிகாலையில் கார் பிடித்து அம்மாவை பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். அம்மா 98 கிலோ. மூட்டு வாதத்துக்குப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதில் வந்த உடம்பு. அதற்கு முன்னால் எடுத்த போட்டோக்களில் ஒல்லியாகத்தான் இருப்பார்.

இரண்டு பேருக்கும் சேர்த்து 30 கிலோ பெட்டி கொண்டுபோகலாம். எங்களிடம் 33 இருந்தது. கேழ்வரகு மாவு, மாவடு, பிள்ளை பெற்றவளுக்கு இடித்து வைத்த மருந்துச் சாமான். கூடுதல் எடைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். எதை எடுப்பது என்று பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது, பின்னால் வரிசையில் இருந்தவர் தன் கூட வந்தவரிடம் சொன்னார்: "பெட்டிக்கு எடை போடுறவன் ஆளுக்கும் போட்டுக் காசு வாங்க வேண்டியதுதானே."

அம்மா காதில் விழுந்துவிட்டது. எதுவும் பேசவில்லை. மாவடு ஜாடியை மட்டும் எடுத்துக் கீழே வைத்தார்.

உள்ளே போனதும் பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் கவனித்துவிட்டு, யாருக்கும் தெரியாதபடி நீட்டிப்பு பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். ஆனாலும் அம்மா வழியெல்லாம் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டி வருமே என்று கையை மடியில் சுருக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கப் போகும் நேரத்தில் மெதுவாகக் கேட்டார், "ஏன் சாமி, நான் கனமா இருக்கறதுல பிளேனுக்கு ஏதாச்சும் கஷ்டமா?"

நான் மாங்காய் மண்டியில் இருபது வருடமாக எடை பார்க்கிறவன். பெங்களூரா காய் லோடு எடை மேடையில் ஏறினால் கிலோவுக்குக் கிலோ கணக்கு. அழுகல் இருந்தால் கழிவு. அந்தக் கணக்குத் தெரிந்தவன் என்பதால்தான் சொல்கிறேன். நாங்கள் போனது ஏர்பஸ் ஏ320 வகை. அது கிளம்பும்போது 79 டன் வரை இருக்கலாம். அம்மா மற்றவர்களைவிட 25 கிலோ கூடுதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாரஸ் லாரி லோடில் பத்துப் பன்னிரண்டு காய் கூடினமாதிரி.

2013-ல் சமோவா ஏர் என்ற கம்பெனி பயணிகளை எடை போட்டுக் கிலோ கணக்கில் டிக்கெட் விற்றது உண்மை. ஆனால் அவர்கள் ஓட்டியது ஒன்பது, பத்துப் பேர் போகிற குட்டி விமானம். சைக்கிளில் டபுள்ஸ் போவதற்கும் பஸ்ஸில் போவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அந்தக் கம்பெனியும் சில வருடத்தில் நின்றுபோனது.

அம்மா திரும்பும்போது விமானமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வலிக்கிற காலோடு இரண்டு ராத்திரி ரயிலில் வந்தார். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஓசூர் பேட்டரி:

அண்ணா, அம்மாவுக்கு நடந்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன். அதையும் சொல்ல வேண்டும்.

வேலை விஷயமாக மாதம் ஒரு முறை தில்லி போகிறேன். சாதாரண சீட்டின் அகலம் 17, 18 அங்குலம்தான். ஒரு முறை நடு சீட்டில் உட்கார்ந்தேன், ஜன்னல் பக்கம் ரொம்பப் பெரிய ஆள். கைப்பிடியைக் கீழே இறக்கவே முடியவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தேன், இரண்டு நாள் இடுப்பு வலி. அவர் மூன்று தடவை "சாரி தம்பி" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரிசையை நெருக்கி நெருக்கிச் சீட்டைப் போட்டவர்கள்மேல் வந்தது. அதனால் இது இடத்துக்கான சண்டை அண்ணா, எடைக்கானது இல்லை. அவரிடம் கூடுதலாகக் காசு வாங்கியிருந்தாலும் என் இடுப்புக்கு என்ன ஆகியிருக்கும்?

கனடாவில் 2008-ல் இதற்கு ஒரு உத்தரவு வந்தது. உடல் பருமனே ஊனம் என்று சொல்லும் அளவுக்கு இருப்பவருக்கு உள்நாட்டு விமானத்தில் இரண்டு சீட் தேவைப்பட்டாலும் ஒரு டிக்கெட் பணம்தான் வாங்க வேண்டும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. அவருக்கும் நிம்மதி, பக்கத்தில் இருப்பவனுக்கும் நிம்மதி.

பாலக்கோடு டீச்சர்:

நான் நிஜமாகவே எடைக்குக் காசு கட்டியவள். கேதார்நாத் போனபோது ஹெலிகாப்டரில் ஏறும் முன் எல்லாரையும் எடை போட்டார்கள். 80 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கட்டணம். நான் 86. ஆறு கிலோவுக்குக் கட்டினேன்.

கட்டினதில் எனக்கு வருத்தம் இல்லை. கோயில் 3,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு, இறக்கைக்குத் தூக்கும் பலமும் குறையும். ஐந்தாறு பேரை ஏற்றும் வண்டியில் யார் முன்னால், யார் பின்னால் என்பதைக்கூட எடை பார்த்துத்தான் உட்கார வைத்தார்கள். உயிர் விஷயம். எனக்கு வலித்தது வேறு. எடை காட்டும் பலகை வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தெரிகிறமாதிரி இருந்தது. எண் வந்ததும் ஒரு பையன் அதைச் சத்தமாகப் படித்தான். என் மாணவிகள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். அந்தப் பலகையை ஊழியர் பக்கம் திருப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2003-ல் அமெரிக்காவில் சார்லட் நகரத்தில் ஒரு சின்ன விமானம் கிளம்பிய உடனே விழுந்து 21 பேர் இறந்தார்கள். பராமரிப்பில் நடந்த தவறோடு எடைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. பயணிகளுக்குப் போட்டு வைத்திருந்த சராசரி எடை நிஜத்தைவிடக் குறைவு. அதற்குப் பிறகு அந்தச் சராசரியை உயர்த்தினார்கள். எடை பார்ப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. 2024-ல் பின்லாந்தின் ஃபின்ஏர் ஹெல்சின்கியில் பயணிகளை எடை பார்த்தது. விருப்பப்பட்டவர்களை மட்டும், கைப்பையோடு சேர்த்து, பெயர் எழுதாமல். காசும் கேட்கவில்லை. அப்படிப் பார்த்தால் நானே முதல் ஆளாக ஏறி நிற்பேன்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:

டீச்சர் அக்கா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "86-க்கே சத்தமாப் படிச்சானா?" என்று கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் அவராகவே பேத்தியின் காதுகுத்துக்கு எப்போது போகிறோம் என்று கேட்டார்.

தை மாதம் போகிறோம். விமானத்தில்தான். ஜன்னல் சீட் அம்மாவுக்கு, நடு சீட் எனக்கு, கைப்பிடியைத் தூக்கிவிட்டால் இடம் போதும். நீட்டிப்பு பெல்ட்டை ஏறும்போதே கேட்டு வாங்கிக்கொள்வேன். இந்த முறை மாவடுவை எடை பார்த்துத்தான் கட்டுவேன்.