டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்குவது? உங்கள் அனுபவம் சொல்லுங்க

கொளத்தூர்காரன்:
ஹால் 12க்கு 20. 240 சதுர அடி, பெட்டிக்கு 16, ஆக 15 பெட்டி, சேஃப்டிக்கு ஒண்ணு கூடன்னு கடைக்காரரே கால்குலேட்டரில் தட்டிக் கொடுத்தார். டூ பை டூ விட்ரிஃபைடு. நீளவாக்கில் பத்து கல்லோடு முடிய வேண்டிய வரிசை, சுவருக்கு மூணு இஞ்சு முன்னாடியே நின்னுடுச்சு. மேஸ்திரி அந்தச் சந்துக்குள்ள கரண்டியை விட்டுப் பார்த்தார். "டூ பை டூனு பேருதான் சார், கல்லு 600 மில்லிதான்." ஓரத்துக்குப் பட்டை வெட்டியே கல் போச்சு, சுவர் அடியில் சுத்தி ஒட்டற ஸ்கர்ட்டிங் பட்டைக்குப் பாதியில் கல் காலி. மறுபடி வாங்கினால் அதே டிசைன், பெட்டியில் ஷேடு நம்பர் வேற. டியூப்லைட்டில் தெரியாது. காலை வெயில் விழுந்தா டிவிக்குக் கீழே மட்டும் லேசா மஞ்சள்.

மடிப்பாக்கம் மாமி:
குறைஞ்சதுக்கே இந்தப் புலம்பலா? எங்க மேஸ்திரி இருபது பர்சென்ட் வேஸ்டேஜ் போகும்னு அடிச்சுச் சொன்னார். வேலை முடிஞ்சதும் மாடிப்படிக்குக் கீழே பிரிக்காத பெட்டிகளா அடுக்கியிருக்கு. கடையில் கேட்டா பில்லைத் திருப்பிக் காட்டறான், விற்ற பொருள் வாபஸ் இல்லையாம். கடைசி நாள் கூலி வாங்கிட்டு மேஸ்திரி தலையைச் சொறிஞ்சுண்டே, "அம்மா, அந்தப் பெட்டியெல்லாம் உங்களுக்கு எதுக்கு, நான் எடுத்துக்கவா?" அதுக்குத்தான் இருபதான்னு இன்னிவரைக்கும் சந்தேகம்.

ரிடையர்டு சிவில்:
மேஸ்திரியைச் சந்தேகப்படாதீங்கம்மா. டைமண்ட் மாதிரி மூலைவாட்டில் பதிச்சா பதினைந்து வரை போகும். நேராப் பதிச்சா ஏழு, பத்து போதும். கொளத்தூர் தம்பி, உங்க கணக்கில் இடறினது பெட்டிதான். நாலு கல் பெட்டியில் 1.44 சதுர மீட்டர்னு அச்சடிச்சிருக்கும், அது 15.5 சதுர அடி, 16 இல்லை. ஸ்கர்ட்டிங் தனிக் கணக்கு: சுற்றளவில் வாசல் அகலத்தைக் கழிச்சுக்கணும். நாலு இஞ்சு பட்டை ஒரு கல்லில் ஐந்து வரும், பத்து அடி ஓடும். அறையை ரெண்டு முனையிலும் அளங்க, பழைய வீட்டில் ஒரு பக்கம் 12 அடின்னா மறுபக்கம் 11 முக்காலா இருக்கும். சமையல் மேடைக்குக் கீழே கல் வேணுமா, கப்போர்டு உள்ளே வேணுமான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் ஒண்ணான்னு பாருங்க, லாரி போன பிறகு பேச முடியாது. வேலை முடிஞ்சதும் ஒரு பெட்டி பரணில் இருக்கட்டும், பாத்ரூம் குழாய் கசிஞ்சு உடைச்சா உதவும். என் வீட்டில் மொசைக், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

மயிலாப்பூர்:
சார், பர்சென்ட் எல்லாம் ஆத்தங்குடிக் கல்லுக்குச் செல்லாது. பூ, பார்டர், மூலைக்கல் மூணையும் எண்ணித்தான் ஆர்டர். கண்ணாடி மேல கலர் ஊத்தி ஒவ்வொண்ணா கையால பண்றது, ஷேடு நம்பரே கிடையாது. எங்களுக்குப் பூ மிச்சம், மூலைக்கல் ஒண்ணு குறைச்சல். பூஜை ரூமில் மூணு மூலை நேரா நிக்குது, நாலாவதில் வெறும் சிவப்புக் கல் வெச்சிருக்கோம். ஒரே ஒரு கல்லை காரைக்குடிப் பக்கத்திலிருந்து யாரும் லாரியில் ஏத்த மாட்டேங்கறாங்க. அந்தப் பக்கம் போற புண்ணியவான் யாராவது இருந்தா சொல்லுங்க.