புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், கேமோ ரெண்டரோ தொடங்கினால் ஸ்கிரீன் கறுப்பாகிறது. உதவி வேண்டும்

வில்லாபுரம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கும், ராத்திரியானால் தம்பி கேம் ஆடுவதற்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டராக வீட்டில் அசெம்பிள் செய்தோம். பாதி சாமான் டவுன் ஹால் ரோட்டில் வாங்கியது, மீதி ஆன்லைன். ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 6000 ராம் 16 ஜிபி இரண்டு, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கிராபிக்ஸ் கார்டு 12 ஜிபி, பிசிஐஇ ஜென் 4 (போர்டோடு பேசும் வேகத்தின் தலைமுறை), கரண்டுக்கு ஒரு 8 பின், ஒரு 6 பின். கார்டு எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றே போடவில்லை, போட்டால் என்விடியா பச்சையா ஏஎம்டி சிவப்பா என்று சண்டைதான் நடக்கும், என் வேலை நடக்காது.

பிரவுசர், எக்செல் என்று நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. கேமில் மெனுவைத் தாண்டி உள்ளே போனதும், அல்லது எடிட்டிங்கில் ரெண்டர் போட்டதும் ஸ்கிரீன் கறுப்பாகிறது, சத்தம் சிக்கிக்கொண்டு டர்ர் என்கிறது, சில நேரம் தானாகத் திரும்பி வந்துவிடும், சில நேரம் மொத்தமாக ரீஸ்டார்ட். விண்டோஸின் எரர் பதிவான ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101, கெர்னல்-பவர் 41. ரிலையபிலிட்டி மானிட்டரில் லைவ்கெர்னல்ஈவென்ட் 141. விண்டோஸையும் புதிதாகப் போட்டாயிற்று. கடையில் கேட்டால் சாஃப்ட்வேர் பிரச்சினை சார் என்று கையைக் கழுவிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்தால் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதற்குள் சரியாக வேண்டும்.

மேலூர் தம்பி:
அண்ணே, வெக்கையாக இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு மூடின ரூமில் கார்டு என்ன செய்யும் பாவம். பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்துப் பாருங்க.

வில்லாபுரம்காரன்:
வைத்துப் பார்த்தாயிற்று தம்பி. கார்டு 60 டிகிரியைத் தொடுவதற்குள்ளேயே விழுந்துவிடுகிறது. சூடாகி விழுவதாக இருந்தால் கொஞ்ச நேரமாவது ஓடியிருக்க வேண்டுமே.

திருநகர் 3வது ஸ்டாப்:
சரியாகச் சொன்னீர்கள், சூடு இல்லை. முதலில் அந்த 41ஐ மறந்துவிடுங்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்று சொல்லாது. அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மாற்றி பணத்தை விட்டவர்கள் ஏராளம். 4101 என்பது கார்டு சொன்ன நேரத்துக்குப் பதில் தரவில்லை, அதனால் விண்டோஸ் டிரைவரை உதறி மறுபடி கிளப்பியது என்று அர்த்தம். அந்தக் கெடு சாதாரணமாக 2 விநாடி. 141ம் அதே ஜாதி, கார்டில் ஏதோ ஒரு எஞ்சின் தொங்கிப்போனது என்கிறது. ஆக, கார்டு, டிரைவர், ராம், கார்டுக்குப் போகிற கரண்ட், கார்டும் போர்டும் பேசிக்கொள்கிற வழி, இவற்றில் ஏதோ ஒன்று. ஒவ்வொன்றாகக் கழிப்போம், ஒரே நாளில் நாலு விஷயத்தை மாற்றாதீர்கள், அப்புறம் எதனால் சரியானது என்றே தெரியாது.

நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டிடியு (பழைய டிரைவரை நீக்கும் புரோகிராம்) போட்டு டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தன்னிடம் இருக்கிற பழைய டிரைவரைப் போட்டுவிடும். அப்புறம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டு செட்டிங்) எக்ஸ்போவை, அதாவது ராமை 6000க்கு ஏற்றும் செட்டிங்கை, அணைத்து ராமை 4800லேயே ஓட்டிப் பாருங்கள். 8 பின்னுக்கும் 6 பின்னுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனி கேபிள் போகிறதா, ஒரே கேபிளின் இரட்டை வாலா? கடைசியாக, உங்கள் 7600லேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு எச்டிஎம்ஐயைப் போர்டில் சொருகி ஓட்டுங்கள்.

பசுமலை ஒயர்மேன்:
கேபினட் இரும்பில் கை பட்டால் சுள்ளென்று இருக்கிறதா? எர்த் இல்லாத ப்ளக்கில் போட்டால் எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் வழியாக பாடியில் கிட்டத்தட்ட 115 வோல்ட் மிதக்கும், ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்குக் கரண்ட் இராது, ஆனாலும் நல்லதில்லை. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஓடுகிறதென்றால் அது சைன் வேவா என்று பாருங்கள், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு இந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ் பலதும் ஒத்துப்போகாது. உங்கள் கதையில் கேம் உள்ளே போகும்போது மட்டும் விழுவதால் கரண்ட் மேல் எனக்குச் சந்தேகம் குறைவுதான், இருந்தாலும் பார்த்து வையுங்கள்.

வில்லாபுரம்காரன்:
எல்லாம் பார்த்தாயிற்று. எர்த் 1 வோல்ட்டுக்குள் இருக்கிறது, கம்ப்யூட்டர் ப்ளக் இன்வெர்ட்டர் லைனிலேயே இல்லை. டிடியு போட்டேன், அதே கதை. ராம் 4800ல் அதே கதை, ராத்திரி பூராவும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், ஒரு எரர் கூட இல்லை. கேபிள் தனித்தனியாகத்தான் போகிறது. கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மெஷின் தங்கம், ரெண்டர் ஆமை வேகத்தில் போகிறது, ஆனால் விழவே இல்லை.

உசிலம்பட்டி எடிட்டர்:
அப்புறம் என்ன, கார்டு போச்சு. வாரண்டிக்கு அனுப்புங்கள். அது வருகிற வரைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர்டிலேயை, அதாவது அந்த 2 விநாடிக் கெடுவை, 10 விநாடி ஆக்கிவிட்டால் ஓட்டிக்கொள்ளலாம்.

திருநகர் 3வது ஸ்டாப்:
உசிலம்பட்டி அண்ணே, அவசரப்பட வேண்டாம். டிலேயைக் கூட்டினால் 2 விநாடி கறுப்பு 10 விநாடி கறுப்பாகும், அவ்வளவுதான். கனமான ரெண்டரில் கார்டு நிஜமாகவே வேலை செய்துகொண்டிருந்து நேரம் போதாமல் போனால் அது உதவும், இது அந்த ரகம் இல்லை. வாரண்டிக்கு அனுப்பி, அவர்கள் தங்கள் பெஞ்சில் போர்டில் நேராகச் சொருகி டெஸ்ட் செய்து, குறை ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினால் யாருக்கு நஷ்டம்?

வில்லாபுரம், இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் 17 (ஹார்டுவேர் தவறுக்கான பதிவு) என்று மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா? அப்புறம், கார்டு கேபினட்டில் எப்படி நிற்கிறது? போட்டோ போடுங்கள்.

வில்லாபுரம்காரன்:
17 வண்டி வண்டியாக இருக்கிறது அண்ணே! மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே என்று இதுவரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட் என்று எழுதியிருக்கிறது. கேபினட் முன்பக்கம், பக்கவாட்டு எல்லாம் கண்ணாடி. தம்பி ஆசைப்பட்டான் என்று கார்டு முகம் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்துக் கொடுத்தார்கள். கேபினட்டோடு வந்த ஒரு பட்டையான கறுப்பு கேபிள் வழியாகப் போர்டுக்குப் போகிறது. போட்டோ கீழே.

திருநகர் 3வது ஸ்டாப்:
ஆள் மாட்டிக்கொண்டார். அது ரைசர் கேபிள். போட்டோவில் அதன் ஓரத்தில் 3.0 என்று அச்சடித்திருப்பது தெரிகிறது. உங்கள் கார்டு ஜென் 4, போர்டு ஸ்லாட்டும் ஜென் 4. இரண்டு பக்கமும் 4 என்று ஒப்புக்கொண்டு ஒரு லேனுக்கு (தரவு போகும் ஒரு தடம்) விநாடிக்கு 16 கிகா டிரான்ஸ்ஃபரில் பேச ஆரம்பிக்கின்றன, நடுவில் இருக்கிற கேபிளோ 8க்குச் செய்தது. கேபிளுக்கென்று வாய் கிடையாது, என்னால் முடியாது என்று அது யாரிடமும் சொல்லாது. பிட் பிட்டாகத் தவறுகிறது, திருத்தித் திருத்தி அனுப்புகிறார்கள், அந்தத் திருத்தம்தான் உங்கள் 17. திருத்த முடியாத அளவுக்குப் போகும்போது கார்டு தொங்கும்.

டெஸ்க்டாப்பில் ஏன் விழவில்லை என்றால், பல கார்டுகள் சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லிங்க்கை ஜென் 1 வேகத்துக்கு இறக்கிக்கொள்ளும். கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமைத் திறந்து பாருங்கள், 4.0க்குப் பக்கத்தில் இப்போது 1.1 என்று காட்டும். கேம் உள்ளே போனதும் 4க்கு ஏறும், அந்த நிமிடமே உங்களுக்கு வினை. கார்டைக் கழற்றியபோது கூடவே கேபிளும் வேலையில்லாமல் போனதால் பழி கார்டு மேல் விழுந்தது.

பயாஸில் பிசிஐஇ எக்ஸ்16 லிங்க் ஸ்பீடு என்பது ஆட்டோவில் இருக்கும், அதை ஜென் 3 ஆக்குங்கள். போர்டுக்குப் போர்டு அட்வான்ஸ்டுக்குள் வேறு வேறு இடத்தில் இருக்கும். பயாஸ் திரையே வராவிட்டால் எச்டிஎம்ஐயைப் போர்டில் சொருகிப் போய் மாற்றுங்கள்.

வில்லாபுரம்காரன்:
ஜென் 3 வைத்ததிலிருந்து ஒரு தடவை கூட விழவில்லை. புதிதாக 17ம் வரவில்லை. உறுதிக்காக கார்டை நேராகப் போர்டில் சொருகி ஆட்டோவிலும் ஓட்டினேன், சுத்தமாக ஓடுகிறது. ஒரு முழு ரிசப்ஷன் வீடியோ 4கே ரெண்டர் முடிந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணே, வாரண்டிக்கு அட்டைப் பெட்டியெல்லாம் தேடி எடுத்து வைத்திருந்தேன். தம்பி கண்ணாடிக்குள் கார்டு முகம் தெரிய வேண்டும் என்று அடம்பிடிப்பதால் மறுபடி நிமிர்த்திவிட்டேன். ஜென் 3ல் வேகம் ரொம்ப அடிபடுமா, இல்லை ஜென் 4 ரைசர் வாங்கட்டுமா?

திருநகர் 3வது ஸ்டாப்:
வாங்க வேண்டியதில்லை. உங்கள் கார்டு 16 லேன், ஜென் 3லேயே விநாடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி போகும். பெரும்பாலான கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 8 லேன் மட்டும் உள்ள சின்ன கார்டாக இருந்து, விராம் (கார்டின் சொந்த மெமரி) நிரம்பி ராமுக்கு வழிந்தால்தான் உறைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள், பயாஸ் அப்டேட் போட்டால் செட்டிங் எல்லாம் ஆட்டோவுக்குத் திரும்பும், மறுபடி ஜென் 3 வைக்க வேண்டும்.

மேலூர் தம்பி:
அண்ணே, என் கார்டு 8 லேன்தான், இதே மாதிரி கண்ணாடி கேபினட்தான் வாங்கலாம் என்று இருந்தேன்.

திருநகர் 3வது ஸ்டாப்:
கேபினட்டை வாங்கு தம்பி, கார்டை நேராகச் சொருகு. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் ரைசரில் 4.0 என்று போட்டிருக்கிறதா என்று கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.