ஒரே ஆள் மூன்று வேடம்: நடுவில் கோடு தெரிகிறது, என்ன செய்யலாம்?

கோத்தகிரி கேமராக்காரன்:
எங்கள் லைன் வீட்டுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு காமெடி குறும்படம் எடுக்கிறோம். பிறந்ததும் பிரிந்த அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று வேடமும் ஒருவனே போடுகிறான் ('மைக்கேல் மதன காமராஜன்' பார்த்த கோளாறுதான்). மூவரும் சேர்ந்து நிற்கும் காட்சியை டீ தோட்டத்தில் எடுத்தோம். ட்ரைபாடைத் தொடவே இல்லை. ஆனால் பெரியவன் ஷாட்டை முடித்து, அவன் மீசையைப் பிய்த்துவிட்டு சட்டை மாற்றி வருவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. தனித்தனியாக எடுத்ததை ஒரே ஃபிரேமில் ஒட்டிப் பார்த்தால் பெரியவன் பக்கம் சுள்ளென்று வெயில், சின்னவன் பக்கம் ஒரே வெள்ளை, நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு. போதாததற்கு, "மூணும் ஒரே ஆளாத்தானே இருக்கு" என்று அத்தை வேறு சொல்லிவிட்டார். விக் மாற்றினால் சரியாகுமா?

குன்னூர் கல்யாண வீடியோ:
தம்பி, வெளியே எடுத்ததுதான் தப்பு. ஃபிலிம் காலத்தில் இதற்கு மாஸ்க் ஷாட் என்பார்கள். லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, ரீலைப் பின்னால் சுற்றி, அதே ஃபிலிமில் மறுபாதியை எடுப்பார்கள், ஒரு பக்கம் சொதப்பினால் இரண்டும் போச்சு. உங்களுக்குத் தனித்தனி கிளிப், அந்த வம்பு இல்லை. ஆனால் வெளிச்சம் மாறக்கூடாது என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். ராத்திரி, வீட்டுக்குள், ஜன்னலுக்குக் கம்பளி போட்டு எடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எதையும் ஆட்டோவில் விடாதீர்கள், வெள்ளைச் சட்டை உள்ளே வந்ததும் சுவர் நிறமே மாறிவிடும். கோடு விழும் இடத்தில் கதவு நிலையோ பீரோ விளிம்போ இருக்கட்டும். நிழல்கூட அதைத் தாண்டக்கூடாது. எதிர்ப்பக்கம் குடைக்கம்பு ஒன்றை நட்டு, கண் உயரத்தில் டேப் ஒட்டிவிட்டால் பையன் அதைப் பார்த்துப் பேசலாம், அந்தப் பாதி எப்படியும் வெட்டுப்படும். அப்புறம், எல்லா ஷாட்டிலும் மூன்று முகமும் வேண்டாம். அதே உயரத்தில் ஒருவனை நிறுத்தி முதுகைக் காட்டுங்கள், போதும்.

கூடலூர் பேத்தி:
விக்கா? 1990-இல் வந்த அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழில் குழைவார், ராஜு மெட்ராஸ் பாஷை, மதன் பேச்சில் பாதி இங்கிலீஷ், மைக்கேலுக்குக் கரகரத் தொண்டை. கமல் ஒருவர்தான், ஆனால் ஆள் யாரென்று வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். கிரேசி மோகன் வசனமும் அதற்கேற்றபடி அமைந்தது. சாம்பாரில் மீன் விழும் காட்சியை மதனுக்குக் கொடுத்தால் சிரிப்பு வருமா? சைவச் சமையல்காரன் காமேஸ்வரன் தவிப்பதால்தான் சிரிப்பு.

நம் மலையில் பேச்சுக்கா பஞ்சம்? ஒருவன் மேட்டுப்பாளையம் மண்டியில் வளர்ந்து "ஏனுங்க" போடட்டும். இன்னொருவன் சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தில் வளரட்டும். 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய. பாட்டிக்கு இன்றும் பிரெட் என்றால் பாண், லைன் வீடு என்றால் லயம். ஆனால் கேலியாக ஆக்கிவிடாதீர்கள், பாட்டி பார்த்துச் சிரிக்க வேண்டும், எழுந்து போகக்கூடாது.

மஞ்சூர் கடைசி பஸ்:
மேகத்தை ஏன் விரட்டுகிறீர்கள்? ஃபிரேம் முழுக்க வெளுக்கும்வரை ஓடவிட்டு அண்ணனை அதற்குள் நடக்கவிடுங்கள், அடுத்த ஷாட்டை வெள்ளையிலேயே தொடங்கி அதற்குள்ளிருந்து தம்பி வரட்டும். கோடும் இல்லை, ஒட்டும் இல்லை. ஊட்டியில் செட் போட்டால் இந்தப் புகைக்குக் காசு.

கோத்தகிரி கேமராக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரியே எடுக்கிறோம், மேகக் காட்சி மட்டும் வெளியே. சிலோன் பேச்சுக்குப் பக்கத்து லைன் தாத்தாவிடம் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அத்தை கம்பளி தருகிறாராம், ஆனால் முதுகு காட்டும் வேடம் அவர் மகனுக்குத்தானாம். அவன் ஹீரோவைவிட ஒரு அடி உயரம்.