ஆட்டோகான்ஃப் 2.71: பொது எம்4 கோப்புகளில் பிழையின் மூலத்தைக் கண்டறிய உதவி தேவை

நாங்கள் பராமரிக்கும் நான்கு திறமூல சி நிரலகங்களுக்கும் எம்4 மேக்ரோக்களும் (விரிந்து ஷெல் நிரலாக மாறும் வார்ப்புருக்கள்) ஆட்டோஜென் ஸ்கிரிப்டும் ஒரே களஞ்சியத்திலிருந்து கிட் சப்மாட்யூலாக (ஒரு களஞ்சியத்துக்குள் இணைக்கப்படும் மற்றொரு களஞ்சியம்) வருகின்றன. மூன்று வாரங்களுக்கு முன் பில்ட் இயந்திரத்தை உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாற்றியபோது, கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் கருவியான ஆட்டோகான்ஃப் 2.69இலிருந்து 2.71க்கு உயர்ந்தது, அன்று முதல் இரண்டு நிரலகங்களில் மட்டும், பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் அந்த கன்ஃபிகர் பாதியில் நின்றுவிடுகிறது.

கன்ஃபிகரை மறுபடி உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் சில எச்சரிக்கைகளுடன் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கன்ஃபிகரை இயக்கினால், எதிர்பாராத மூடும் அடைப்புக்குறி இருப்பதாக ஷெல் தொடரியல் பிழை வருகிறது. அது காட்டும் வரி எண் உருவாக்கப்பட்ட கோப்புக்குரியது என்பதால், மூல எம்4 கோப்பில் தவறு எங்கே என்று அதிலிருந்து அறிய முடியவில்லை. 2.70 முதல் பல மேக்ரோக்கள், சதுர அடைப்புக்குறிகளால் மேற்கோளிடப்படாத உள்ளீடுகளை முன்போல் பொறுத்துக்கொள்வதில்லை என்று அதன் வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. எங்கள் சிக்கலும் அதுவே என்று நினைக்கிறேன்.

தற்காலிகச் சேமிப்புக் கோப்புறையை நீக்கி, எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிப் பார்த்தோம். ஆட்டோஅப்டேட் பழைய மேக்ரோ பெயர்களை மாற்றியதே தவிர, பிழை போகவில்லை. சப்மாட்யூலைச் சென்ற ஆண்டின் கமிட்டுக்குப் பின்னகர்த்தியும் பயனில்லை. 20.04 கன்டெய்னரில் நான்குமே சரியாக பில்ட் ஆகின்றன. பொதுக் கோப்புகளைப் பிரித்து, நிரலகத்துக்கொரு நகல் வைப்பது எளிய வழிதான். ஆனால் ஒரே திருத்தத்தை நான்கு இடங்களில் செய்யும் பழைய நிலைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

கன்ஃபிகரில் பிழை காட்டும் வரியிலிருந்து, அதை உருவாக்கிய மேக்ரோ அழைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?