பல் வெள்ளையாக்கியபோது நடந்தது: கூச்சம், ஈறு, போகாத கறை

தர்மபுரியிலிருந்து:

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல கிராமங்களில் அதைவிட அதிகமாகவே இருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் வளர்ந்த பலருக்கும் பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டும் அதன் மேல் பழுப்புக் கோடும் இருக்கும். பல் ஈறுக்குள் உருவாகும்போதே சேர்ந்த கறை. எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரு கிளினிக்கில் வைட்டனிங் செய்துகொண்டாள். நான் கூடவே இருந்தேன். உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்கள். ஈறு மேல் நீலப் பசை பூசி, லைட் காட்டி இறுக வைத்தார்கள். அப்புறம் பல்லை வெளுக்க வைக்கும் 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல். கால் மணி நேரம் வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி பூசினார்கள். இரண்டாவது முறை பூசும்போதே சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்து, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி வாயைத் திறந்து மூச்சு விட்டாலே கூசியது. நீலப் பசை சரியாக மூடாத ஓர் இடத்தில் ஈறு வெளுத்து எரிந்தது. அது மறுநாளே சரியாகிவிட்டது. கூச்சம் அடங்க அந்த வாரம் பூராவும் ஆனது.

பழுப்பு நன்றாகவே மங்கியது. ஆனால் வெள்ளைத் திட்டு முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்து அழுதாள். பல்லில் ஈரம் வற்றுவதால் முதல் சில நாள் அப்படித்தான் தெரியும், அப்புறம் ஓரளவு குறையும் என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். ஃப்ளோரைடு கறை என்று பார்த்தவுடனே தெரியும், பணம் வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

கோவையிலிருந்து:

அக்கா, நான் வீட்டிலேயே ட்ரே போட்டுக்கொள்ளும் முறையில் செய்தேன். பல்லுக்கு அளவெடுத்து மெல்லிய ட்ரே செய்து தருவார்கள். அதில் அரிசி அளவு ஜெல் வைத்து ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். எனக்குத் தந்தது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. அதிலிருந்து வருவது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்பதால் மெதுவாக வெளுக்கும், கூச்சமும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். பச்சைத் தண்ணீர் குடித்தால் கூசியபோது டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டும் கொடுத்தார். அது கேட்டது.

ஒன்று கவனியுங்கள். முன்பல்லில் கேப் போட்டிருந்தால் அது வெளுக்காது. பல்லின் நிறத்தில் அடைத்திருந்தாலும் அப்படித்தான். எனக்கு டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால் பழைய கேப்பை மாற்றவும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவைத்திருந்தேன்.

சென்னையிலிருந்து:

என் ஹாஸ்டல் தோழி வீடியோ பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா கலந்து தேய்த்தாள், நடுநடுவே கரித்தூளும். முதலில் பளிச்சென்று இருந்தது. போகப்போக ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன. டாக்டரிடம் போனபோது, பல்லின் மேல் உறையான எனாமல் தேய்ந்து அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் தெரிகிறது என்றார். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. இன்றைக்கும் அவளால் மோர்கூடக் கூசாமல் குடிக்க முடியவில்லை. பெராக்சைடுக்குப் பயந்து 'இயற்கை' பக்கம் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பல் மருத்துவர் ஒருவர்:

பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு. எனாமலையும் டென்டினையும் கடந்து சில நிமிடங்களில் நரம்பு இருக்கும் பகுதிவரை போய்விடும். கூச்சம் அதனால்தான் வருகிறது. நல்ல பல்லாக இருந்தால் சில நாளில் தானாக அடங்கும். சொத்தை, விரிசல், கசியும் அடைப்பு, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் கதையே வேறு. அவற்றை முதலில் சரிசெய்யாமல் ஜெல்லைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடலாம், அவசரமான சிகிச்சை ஒன்றும் இல்லையே.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் வெளுக்க நினைக்காதீர்கள். எப்போதோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தர்மபுரி சகோதரிக்கு: தங்கையின் வெள்ளைத் திட்டுக்கு மேல்பரப்பை மிக மெல்லியதாக உரசி எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன் உண்டு. திட்டுக்குள் ரெசின் என்ற பிசின் போன்ற பொருளை இறங்க வைக்கும் சிகிச்சையும் உண்டு. எது பொருந்தும் என்பது திட்டின் ஆழத்தைப் பொறுத்தது. வைட்டனிங் முடிந்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் ரெசின் வேலை செய்ய வேண்டும். அதற்கு முன் செய்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது.

தர்மபுரியிலிருந்து:

ரொம்ப நன்றி டாக்டர். அத்தை பையனுக்கு வயது 15, அவனும் கேட்கிறான். செய்யலாமா?

பல் மருத்துவர்:

இப்போது வேண்டாம்மா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வைட்டனிங் பொருளை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பயன்படுத்தச் சட்டமே அனுமதிப்பதில்லை. பெரியவர்களுக்கும் 6 சதவீதம்தான் உச்சவரம்பு, அதுவும் பல் மருத்துவர் வழியாக. சின்ன வயதில் நரம்பு அறை பெரிதாக இருக்கும், கூச்சமும் அதிகமாக வரலாம். பையனுக்கு ஸ்கேலிங், அதாவது பல்லைச் சுத்தம் செய்வது, மட்டும் செய்து பாருங்கள், மேலே படிந்த கறை என்றால் அதிலேயே போய்விடும்.