டேங்க் வார் கரையில் இறுக்கமாக இருக்கிறது, தண்ணீருக்குள் நழுவுகிறது. ஏன்?

பவளத்திட்டு (புதுச்சேரி)

வணக்கம். ஸ்கூபா டைவிங்கின் முதல் படிப்பான ஓப்பன் வாட்டர் முடித்து இதுவரை 14 டைவ் செய்திருக்கிறேன். எல்லாமே வாடகை பிசிடியில்தான் (காற்று டேங்க்கை முதுகில் தாங்கும், காற்றடைக்கும் ஜாக்கெட்), அதில் டேங்க்கைப் பூட்டித் தந்ததும் படகில் இருந்தவர்கள்தான். போன மாதம் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய பிசிடி வாங்கினேன். டேங்க்கைச் சுற்றிப் பிடிக்க ஒற்றை வார், பிளாஸ்டிக் பக்கிள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக நானே பூட்டினேன். படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக உருண்டு இறங்கியதும் முதுகில் சின்னதாக ஒரு இடறல். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 12 மீட்டரில், வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயைப் பின்னால் இழுப்பது போல இருந்தது. கையைப் பின்னால் கொண்டு போனால் டேங்க் ஒரு சாண் கீழே இறங்கியிருக்கிறது! கூட வந்த தோழிக்குச் சைகை காட்டிவிட்டு, ரெகுலேட்டரைக் கையால் பிடித்தபடி அசையாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து பக்கிளைத் திறந்து, டேங்க்கை மேலே தள்ளி மறுபடி பூட்டினார். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

கரையில் ஆட்டிப் பார்த்தபோது அசையவே இல்லை. எங்கே தப்பு செய்தேன்?

நீர்க்காகம் (டொரொண்டோ)

தங்கச்சி, பதறாமல் நின்று தோழியை வரவிட்டீர்கள் பாருங்கோ, அதுதான் சரி. தனியாகக் கழற்றிச் சரி செய்யப் போகவில்லை என்றது எனக்குப் பெரிய ஆறுதல்.

வாரை நனைத்தீர்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காய்ந்த வாரைத்தான் இறுக்கியிருக்கிறீர்கள். நைலான் தண்ணியைக் குடித்ததும் கொஞ்சம் நீளும். கரையில் கல்லுப் போல இருந்த வார் கடலுக்குள் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். வாரை வடிவாக நனைத்து, ஊறவிட்டு, பிறகுதான் பூட்ட வேண்டும். நான் இங்கே கனடாவில், டொபர்மோரி ஏரிக்கரையில் டைவ் செய்யும்போது, வந்து இறங்கியதும் முதல் வேலையாக பிசிடியின் வாரைத் தண்ணிக்குள் தொங்கவிட்டுவிட்டுத்தான் மற்றச் சாமான்களை இறக்குவேன். அங்கே ஆழத்தில் கோடையிலும் 4, 5 டிகிரிதான் இருக்கும். தடித்த கையுறையோடு நீருக்குள் பக்கிளைத் திருத்துவது லேசான வேலை இல்லை.

இன்னொன்று, அந்தப் பழைய பிசிடியை முன்பு எந்த டேங்க்குக்குப் பாவித்தார்கள்? உங்கள் பக்கம் வழக்கமாகக் கிடைக்கும் அலுமினியம் 80 என்ற டேங்க்கின் விட்டம் 184 மில்லிமீட்டர். நான் பாவிக்கும் பெரிய ஸ்டீல் டேங்க் 203 மில்லிமீட்டர். சுற்றளவில் 6 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். விடுமுறைக்கு வெளியே போய் அலுமினியம் எடுக்கும்போதெல்லாம் வாரை முழுக்கப் புதிதாக அளந்துதான் கோர்ப்பேன்.

ஆழம்18

அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். பத்து வருடமாகப் படகில் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொடுக்கிறேன், அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்.

பக்கிளின் மடக்கை மூடும்போது உள்ளங்கையால் அழுத்தித்தான் மூட வேண்டியிருக்க வேண்டும். இரண்டு விரலில் டக்கென்று மூடினால் வார் தளர்வு. திறந்து ஒரு விரல்கடை இழுத்துவிட்டு மறுபடி மூடுங்கள். வார் நுனி பக்கிளின் கடைசித் துளையிலும் நுழைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதில் நுழைந்தால்தான் மூடும்போது வார் தன் மேலேயே மடிந்து அழுந்தும். அந்தத் துளையை விட்டுவிட்டாலும் மூடியது போலத்தான் தெரியும், குதித்த அதிர்ச்சியில் வழுக்கிவிடும். நீங்கள் சொன்ன இடறல் அதுவாகக்கூட இருக்கலாம். கோர்க்கும் முறை பக்கிளுக்குப் பக்கிள் மாறும். அதனால் சரியாக இருக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் உருவுங்கள்.

வார் உட்காரும் இடமும் முக்கியம். டேங்க்கின் நேரான உடம்பில்தான் இருக்க வேண்டும், தோள் வளைவில் ஏறக்கூடாது. வலை போட்ட டேங்க் என்றால் வார் வருகிற இடத்தில் வலையை ஒதுக்கிவிடுங்கள், வலைமேல் வார் பிடிக்காது. வால்வின் வாய் உங்கள் முதுகைப் பார்க்கட்டும். தலையை நிமிர்த்தும்போது பின்மண்டை, டேங்க் வால்வில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டர் பாகத்தில் இடித்தால் டேங்க்கைச் சற்று இறக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கையால் பிசிடியின் மேல் கைப்பிடியையும் மறு கையால் டேங்க்கின் கழுத்தையும் பிடித்து எதிரெதிராக இழுங்கள். ஊறிய வாரில்தான் இதைச் செய்ய வேண்டும். காய்ந்த வாரில் செய்து பார்த்தால் உங்களுக்கு நடந்தது போலத்தான் ஆகும்.

அந்த வாரின் உட்புறம் ரப்பர் பட்டை இருக்கிறதா?

பவளத்திட்டு

இல்லை! நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். வாரின் உட்புறம் ஒரு அடி நீளத்துக்குத் தையல் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, ரப்பர் போன இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கடைசித் துளையிலும் கோர்க்கவில்லை. நனைக்கவும் இல்லை. மூன்றும் சேர்ந்திருக்கிறது.

ரப்பர் பட்டை வைத்த புது வாருக்குச் சொல்லிவிட்டேன். அதற்குள் நேற்று மாலை வீட்டு மொட்டைமாடியில், இரவல் டேங்க் ஒன்றை வைத்துப் பழைய வாரிலேயே பழகிப் பார்த்தேன். காய்ந்த வாரை நன்றாக இறுக்கி, பக்கிள் ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டேன். பிறகு பிரித்து அரை மணி நேரம் பக்கெட்டில் ஊறவைத்து, அதே கோட்டில் வைத்துப் பூட்டினால் மடக்கு இரண்டு விரலில் மூடிக்கொண்டது. உள்ளங்கை அழுத்தம் வர, கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை இழுக்க வேண்டியிருந்தது.

நீர்க்காகம்

புது வாருக்கும் அதே கோட்டைப் போடுங்கோ, ஆனால் ஊறிய பிறகு. இன்னொரு விஷயம்: பழகி முடிந்ததும் டேங்க்கை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்துவிடுங்கோ. மொட்டைமாடியில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள்.